சொல்லில் இல்லாத தமிழ்: 'கலா' ஆல்பமும் அதன் வரவேற்பும்

(வல்லக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. இடையிடையே ஒலிக்கவிட்ட பாடல் பகுதிகளையும் கிளைக்கதைகளையும் நீக்கி அச்சுக்காகச் செப்பம் செய்தது.)



அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம் இது. இங்கே தமிழாசிரியர் ஒருவரின் பெயரால் பேச வருகிறவர் திருப்புகழைப் பேசுவதுதான் முறை. ஆனால் கல்லூரி மாணவர்கள் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார்கள். மாற்று ராக் இசையில் ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி உருவானது, எப்படி வரவேற்கப்பட்டது என்று பேச வேண்டும் என்றார்கள். நான் நாட்டார் வழக்காற்றியல் துறைக்காரன்; தோல்கருவிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஆகவே தோல்கருவி வழியாக நான் போய்ச் சேரக்கூடிய ஓர் ஆல்பத்தைத் தேர்ந்துகொண்டேன்.

அது 2007 ஆகஸ்டில் லண்டனிலிருந்து வெளிவந்த 'கலா'. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி மாயா அருள்பிரகாசத்தின் இரண்டாவது ஆல்பம். இது ராக் குழு ஒன்றின் ஆல்பம் இல்லை என்று மாணவர்கள் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் ராக் இசைக்கென்றே நடக்கும் இதழ்கள்தாம் இதை முதலில் கொண்டாடின. ரேடியோஹெட்டின் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை இசைத்தட்டாக வெளியிட்ட எக்ஸ்.எல். நிறுவனமே இதையும் வெளியிட்டது. நான்கு ராக் குழுக்களின் பாட்டுகள் இதற்குள் எலும்பாக இருக்கின்றன. அந்த வம்சத்தில் வைத்துப் பேசத் தகுதியுள்ள ஆல்பம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'கலா' ஒரு தமிழ் ஆல்பம். அதன் பாட்டு வரிகள் ஆங்கிலம். அதன் தமிழ் தாளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மதிப்புரை எழுதியவர்களால் அந்தத் தமிழைப் பெயர் சொல்லிக் காட்ட முடியவில்லை. பெயர் சொல்லிக் காட்டியிருக்கக்கூடிய நாமோ அதைக் கேட்கவே இல்லை. இதை எட்டுக் கூறுகளாக விளக்கப் பார்க்கிறேன்.

1. விசா கிடைக்காததால் மாறிய ஆல்பம்

மாயா 1975-ல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார், சில காலம் சென்னையிலும் இருந்தார். 1980-களின் நடுவில், போர் மூண்ட பின், தாயோடும் உடன்பிறப்புகளோடும் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். தந்தை அருள்பிரகாசம் ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவருடைய இயக்கப் பெயர் அருளர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு மகள் வைத்த தலைப்பும் 'அருளர்'தான். அது பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியல்வரை போயிற்று.

இரண்டாவது ஆல்பத்துக்குத் தாயின் பெயர். அந்தத் தாய் இங்கிலாந்தில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அரச விருதுப் பதக்கங்களுக்கான நாடாக்களைக் கையால் தைப்பது பல ஆண்டுகள் அவருடைய வேலையாக இருந்தது. பின்னாளில் மகளுக்கே எம்.பி.இ. என்ற அரச விருது கிடைத்தபோது மகள் அதைச் சொல்லித்தான் விருதை ஏற்றுக்கொண்டார். இந்த ஆல்பத்தின் தலைப்பு ஓர் உழைப்பாளியின் பெயர் என்பதை இந்த அவையில் சொல்லாமல் போகக் கூடாது.

அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு சேர்ந்து பதிவு செய்வதாகத்தான் திட்டம். 2006-ல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. திட்டம் குலைந்தது. ஸ்விட்ச் என்ற லண்டன் தயாரிப்பாளரோடு சேர்ந்து, போக முடிந்த நாடுகளிலெல்லாம் பதிவு செய்தார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், லைபீரியா. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கொடுத்தார். வாத்தியக் கலைஞர்களையும் காட்டிவிட்டார். அங்கே ஒரு பெரிய மேளக் குழுவை உட்காரவைத்துப் பதிவு செய்த ஒலிதான் ஆல்பத்தின் முதுகெலும்பாயிற்று. விசா கிடைத்திருந்தால் 'கலா' நல்லதோர் அமெரிக்க ஆல்பமாக வந்திருக்கும். கிடைக்காததால் கோடம்பாக்கத்துக்கு வந்தது.

2. பெயர் உள்ள பாகங்கள்

இந்த ஒரகடம் சாலையின் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லைனுக்கு வரும் எந்தப் பாகத்துக்கும் ஒரு பார்ட் நம்பர் இருக்கும். எந்த வெண்டார் அனுப்பியது என்ற விவரமும் இருக்கும். பெயர் இல்லாத பாகத்தை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். இந்த ஆல்பத்தையும் அப்படிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்க்கலாம். முதலில் பெயர் உள்ளவை.

முதல் பாட்டு 'பேம்பூ பங்கா'. இதன் தொடக்கம் மாடர்ன் லவர்ஸ் குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டிலிருந்து வருகிறது. ஜொனாதன் ரிச்மன் எழுதிய அந்தப் பாட்டில் ஓர் இளைஞன் பாஸ்டனைச் சுற்றிப் போகும் 128-ஆம் எண் சாலையில், ராத்திரியில், ரேடியோவை வைத்துக்கொண்டு கார் ஓட்டுகிறான். மின்னணு நிறுவனங்கள் வரிசைகட்டி நின்ற சாலை அது. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நம் சாலைக்கு அமெரிக்க அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிச்மன் காருக்குள் இருக்கிறார். மாயா அந்தப் பாட்டின் வரியை எடுத்துக்கொண்டு காருக்கு வெளியே வந்துவிடுகிறார். பெரிய வண்டியின் கதவைத் தட்டுகிற ஆளாக மாறிப் பாடுகிறார். ஒரே சாலை, பார்க்கிற இடம் மாறிவிட்டது.

'20 டாலர்' பாட்டில் பிக்ஸீஸ் குழுவின் புகழ்பெற்ற பல்லவி ஒன்று கொஞ்சம் மாறி வருகிறது. அடியில் ஓடும் சிந்தசைசர், நியூ ஆர்டர் குழு 1983-ல் வெளியிட்ட 'ப்ளூ மண்டே'யை நினைவூட்டுகிறது. லைபீரியாவில் ஒரு துப்பாக்கி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான் பாட்டின் தலைப்பு.

எல்லோருக்கும் தெரிந்தது 'பேப்பர் பிளேன்ஸ்'. அதன் கிடார் ஒலி, தி கிளாஷ் குழுவின் 1982-ஆம் ஆண்டு ஆல்பமான 'காம்பாட் ராக்'கில் உள்ள 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டு எதில் தொடங்குகிறது தெரியுமா? இங்கிலாந்தில் உருக்காலைகள் துருப்பிடித்து ஊர்கள் வேலையிழந்து நிற்பதில் தொடங்குகிறது. அங்கே வந்து சேர்ந்த குடியேறிகளைப் பார்த்து 'உனக்கு இங்கே இடமில்லை' என்று சொல்வதற்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை ஓடியதையும் 2014 நவம்பரில் நின்றதையும் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாட்டு அந்நியம் இல்லை. மாயா அந்தக் கிடார் ஒலியின்மேல், விசாவுக்கு அலையும் குடியேறியை உலகம் எப்படிக் கள்ளனாகப் பார்க்கிறது என்ற கேலியை ஏற்றினார். பல்லவியில் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்களின் குரல், துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம்.

இந்தப் பாகங்களெல்லாம் மதிப்புரைகளில் பெயரோடு குறிக்கப்பட்டன. கிளாஷ் குழுவின் நால்வரும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் இணை ஆசிரியர்களாக ஆல்பத்திலேயே இடம்பெற்றார்கள்.

3. பெயர் சொல்லப்படாத பாகங்கள்

அதே 'பேம்பூ பங்கா'வில், ரிச்மனின் வரிக்கு அடியில் இன்னொரு துண்டு ஓடுகிறது. அது 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்தது, இசை இளையராஜா. பாஸ்டன் சாலையும் அந்தப் பாட்டின் பொங்கல் கொண்டாட்டமும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடுகின்றன. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் 'ஜெயம்' (2003) படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் துண்டு இருக்கிறது. இவை சினிமா வழியாக வந்த பாகங்கள். ஆல்பத்தின் குறிப்புகளில் இவற்றுக்குப் பெயர் உண்டு. வரவேற்பில் அவற்றைப் பற்றிப் பேச்சில்லை.

இன்னும் ஆழத்தில் இருப்பது உறுமி. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' என்ற இரு பாட்டுகளையும் தாங்கி நிற்பது சென்னையில் பதிவான உறுமி மேளம். நம் பக்கத்தில், அதாவது தொண்டை மண்டலத்தில், பம்பையும் உடுக்கையும் சிலம்பும்தான் அதிகம். உறுமி தெற்கிலும் மேற்கிலும் செழித்தது. அங்கிருந்து தோட்டத் தொழிலாளர்களோடு மலேசியாவுக்குப் போய், இன்று காவடிக்கு உறுமி மேளம் இல்லாமல் தைப்பூசமே இல்லை என்கிற நிலைக்கு அங்கே வளர்ந்திருக்கிறது.

உறுமியைப் பக்கத்தில் நின்று பார்க்காத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இடை சிறுத்த மரக்கூடு, இரு பக்கமும் தோல், தோளில் தொங்கவிட்டு வாசிப்பது. வலப்பக்கத் தோலை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத்தில் அடி விழாது. வளைந்த குச்சியின் முனையைத் தோலில் அழுத்தி இழுப்பார்கள். தோல் முனகும்; இழுப்பு நீண்டால் முனகல் உறுமலாகும்; அழுத்தம் மாற மாற ஒலி ஏறி இறங்கும். அடித்த ஒலி அடித்ததும் தீர்ந்துவிடுகிறது; தேய்த்த ஒலி அடுத்த அடிவரை நீள்கிறது. அதனால் உறுமி வாசிக்கும் ஒரே ஆள், ஒரு கையால் காலத்தை அளந்து கொடுத்துக்கொண்டே மறு கையால் அந்தக் காலத்தை இழுத்து வளைக்க முடிகிறது. ராக் குழுவில் டிரம்ஸ்காரரும் பேஸ் கிடார்க்காரரும் சேர்ந்து செய்கிற வேலை இது.

இப்போது 'பேர்ட் ஃப்ளூ'வைக் கேளுங்கள். ஒலியின் அடித்தளத்தில் பேஸ் கிடாரைத் தேடினால் உறுமியின் முனகல் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கேட்கலாம். 'பாய்ஸ்' பாட்டில் அதே உறுமியின்மேல் டிரினிடாட்டின் சோக்கா இசையின் வேகம் ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் ஓடுகின்றன. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறிப் போன தீவுதான் டிரினிடாட் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த இணைப்பு தற்செயலாகப் படாது. இதைத்தான் தாளத்தில் உள்ள தமிழ் என்கிறேன். அலங்காரத்துக்குச் சேர்த்த சத்தமாக அது இல்லை. அதை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது.

4. மேற்கு என்ன கேட்டது

வரவேற்பில் குறையே இல்லை. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2007-இன் மிகச் சிறந்த ஆல்பமாக 'கலா'வைத் தேர்ந்தது. 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் அமெரிக்க விமரிசகர்களிடம் நடத்திய ஆண்டு வாக்கெடுப்பில், எல்.சி.டி. சவுண்ட்சிஸ்டத்துக்கும் ரேடியோஹெட்டுக்கும் அடுத்து மூன்றாம் இடம். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 18-ஆம் இடம்வரை போயிற்று. 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-ல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பிறகு தனிப்பாட்டுப் பட்டியலில் 4-ஆம் இடத்தைப் பிடித்தது. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பாருங்கள். முதலில் துப்பாக்கிச் சத்தம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் பாடியபோது அந்தச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள், எம்.டி.வி.யும் அப்படியே செய்தது. அடுத்து தந்தையின் இயக்கம். அதற்கடுத்து, இந்த இசையை உண்மையில் ஆக்கியது யார் என்ற கேள்வி. டிப்ளோ என்ற வெள்ளைக்காரத் தயாரிப்பாளர்தான் மூளை என்பதுபோலப் பலரும் எழுதினார்கள். 2007-லேயே ஒரு பேட்டியில் மாயா இதை நேராக மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் படித்த மதிப்புரைகளில் கிளாஷ், பிக்ஸீஸ், மாடர்ன் லவர்ஸ் பெயரோடு வருகிறார்கள். மேளம் பெரும்பாலும் 'இந்திய டிரம்' என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தனக்குத் தெரிந்த பாகத்துக்குத்தான் யாரும் பெயர் சொல்ல முடியும். உறுமியின் அடியைக் கேட்டு இது எந்த ஊர்க் கொடைக்கு வாசிக்கிற அடி என்று சொல்லும் காது நியூயார்க்கில் இருக்க நியாயமில்லை. அந்தக் காது இருந்தது இங்கே.

5. நாம் என்ன கேட்டோம்

2007-ல் தமிழ்நாடு என்ன கேட்டுக்கொண்டிருந்தது? ஜூனில் 'சிவாஜி' வந்தது. ரகுமானின் பாட்டுகள் டீக்கடைதோறும் ஒலித்தன. அதே ரகுமான் திறந்துவிட்ட கூடத்தில் பதிவான மேளம் சில வாரங்களில் உலகமெங்கும் போயிற்று. நம் பத்திரிகைகளுக்கு அது செய்தியாகப் படவில்லை.

வெளிநாட்டுத் தமிழர் இசை என்பதாலா? அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தது. 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து அவர்கள் ராப் ஆக்கிய 'மடை திறந்து' இங்கே பெரிய வெற்றி. 2007-லேயே யோகி பி தமிழ்ப் படத்தில் பாடவும் செய்தார். இரண்டும் புலம்பெயர்ந்த தமிழரின் இசை. இரண்டும் இளையராஜாவிடமிருந்து எடுத்தவை. இரண்டிலும் ராப் உண்டு. ஒன்றில் தமிழ் வரிகள் இருந்தன, அதற்கு வாசல் திறந்தது. மற்றதில் தமிழ் மேளம் இருந்தது. அதற்கு வாசலே தெரியவில்லை.

2009 தொடக்கத்தில் மாயாவின் பெயர் தமிழ்ச் செய்தித்தாள்களுக்கு வந்தது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரகுமானோடு சேர்ந்து அவர் எழுதிய பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அதே மாதங்களில் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் தமிழர் படுகொலையைப் பற்றிப் பேசினார். உடனே நம்மவர்கள் அவரை ஈழத்துக்குக் குரல் கொடுப்பவர் என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டம் நியாயமானதே. ஆனால் அப்போதும் நாம் கேட்டது அவர் பேட்டியில் சொன்னவற்றை. அவர் இசையில் செய்தவற்றை இல்லை.

6. ஏன் கேட்கவில்லை

இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று, நம் இசை விமரிசனம் வரிகளின் விமரிசனமாகவே வளர்ந்தது. ஒரு பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பாடலாசிரியரின் உவமையை எழுதுவோம்; கொஞ்சம் துணிந்தவர்கள் ராகத்தின் பெயரைச் சொல்வார்கள். தாளக்கட்டைப் பற்றி, ஒலிப்பதிவைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறவர் அரிது. என் துறையும் விலக்கில்லை. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' பெரும் கொடை. அது இல்லாமல் எங்களில் யாருக்கும் படிப்பில்லை. அந்த வழியில் வந்த தொகுப்புகள் எல்லாம் பாட்டின் சொற்களை அச்சிட்டன. அந்தப் பாட்டோடு எந்த மேளம் ஒலித்தது, எத்தனை எண்ணிக்கையில் அடி திரும்பியது என்பதைப் பக்கத்தில் ஏற்ற எங்களுக்கு வழி தெரியவில்லை. சொல் நூலகத்துக்குப் போயிற்று. மேளம் தெருவிலேயே நின்றது.

இரண்டாவது காரணம் சங்கடமானது. தோல்கருவி வாசிப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது இசையா இரைச்சலா என்று இந்தச் சமூகம் தீர்மானித்துவந்திருக்கிறது. சபா மேடையில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. சாவுக்கும் சாமியாட்டத்துக்கும் வாசிக்கும் கருவிகளுக்குத் தெருமுனைவரைதான் அனுமதி. வாசித்தவருக்குத் திண்ணையில்கூட இடமில்லை. வெளிநாட்டிலும் இந்தப் பார்வை வேறு வடிவத்தில் தொடர்ந்தது. சிங்கப்பூரில் 1973-ல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. 2016-ல்தான் ஊர்வலப் பாதையில் சில இடங்களில் நேரடி வாசிப்பு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உறுமியின் அடிகளைப் பெயர் பெயராகச் சொல்லத் தெரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிற இடத்தில் அவர்கள் இல்லை.

7. இரண்டு மறுப்புகள்

'இரண்டு மூன்று சினிமாத் துண்டும் ஒரு மேளமும் இருந்தால் தமிழ் ஆல்பமாகிவிடுமா? இந்திப் பாட்டும் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ராப்பும்கூட அதில் இருக்கின்றனவே?' என்று கேட்கலாம். இருக்கின்றன. 1982-இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' படத்தில் பப்பி லஹரி இசையமைத்த பாட்டை 'ஜிம்மி' என்று மாற்றிப் பாடுகிறார். நியூ சவுத் வேல்ஸின் வில்கேனியா ஊர்ச் சிறுவர்கள் ஆற்றங்கரையைப் பற்றிப் பாடிய ராப்பும் உண்டு. அதற்கு இவர் கொடுத்த தலைப்பில் மாங்காய் ஊறுகாய் சேர்ந்துகொண்டது. வில்கேனியாக்காரர்கள் இதைத் தங்கள் ஆல்பம் என்று உரிமை கொண்டாடினால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஓர் ஆல்பம் பல ஊர்களுக்குச் சொந்தமாக இருக்கலாம். ஒவ்வோர் ஊரும் தன் பாகத்தை அடையாளம் சொன்னால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும். நம் வரிசையில் இன்னும் கோடிட்ட இடமாக இருக்கிறதே என்பதுதான் என் குறை.

இன்னொரு மறுப்பு கடுமையானது: 'லண்டன் நிறுவனம் ஒன்று சென்னை மேளக்காரர்களின் வாசிப்பை எடுத்துப் பணம் பண்ணியது, அதை நாம் கொண்டாட வேண்டுமா?' இதை ஒதுக்கிவிட முடியாது. 1957-ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம் பாட்டு வரிக்கு ஓர் ஆசிரியரையும் இசையமைப்புக்கு ஓர் ஆசிரியரையும் ஏற்கிறது. 2012-இன் திருத்தம் வாசித்த கலைஞரின் உரிமையையும் பலப்படுத்தியது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு தாளக்கட்டுக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால் சட்டத்திடம் பதில் இல்லை. கிளாஷ் குழுவின் கிடார் வரிக்கு ஆசிரியர் உண்டு, ஆகவே பங்கு உண்டு. உறுமியின் அடிக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே பெரும்பாலும் அன்றைய கூலியோடு கணக்கு முடிந்துவிடும். இந்த அநீதிக்கு மருந்தும் பெயர் சொல்வதில்தான் தொடங்குகிறது. இது இன்ன வட்டாரத்து அடி, இன்ன குழுக்கள் காத்துவந்தது என்று எழுத்தில் நிறுவாதவரை, பங்கு கேட்க யாராலும் வாய் திறக்க முடியாது. புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு நாம் செய்த வேலையை மேளத்துக்குச் செய்யவில்லை.

8. இனி செய்ய வேண்டியது

தாளத்தை எழுதத் தமிழில் வழி இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இந்த ஊர்க் கோயிலில் கிருத்திகைதோறும் ஓதப்படும் திருப்புகழே அதற்குச் சாட்சி. அருணகிரிநாதரின் பாட்டு தொடங்குமுன்னரே சந்தக் குழிப்பாக அதன் தாள ஓட்டத்தைப் பதிப்பாசிரியர்கள் எழுதிக் காட்டுகிறார்கள். பொருள் தெரியாத குழந்தையும் அந்தக் குழிப்பை வைத்துப் பாட்டை நடத்திக்கொண்டு போய்விடும். மேளக் கலைஞர்களுக்கும் வாயால் சொல்லும் சொற்கட்டு உண்டு. அதைச் சொல்லித்தான் மகனுக்கும் மருமகனுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்தால் உறுமியின் எந்த அடியையும் தமிழிலேயே எழுதிவிடலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். தமிழ்த் துறை மாணவர்கள் நாட்டார் பாடல் சேகரிக்கப் போகும்போது பாடியவரின் பெயரோடு மேளம் வாசித்தவரின் பெயரையும், அவர் சொல்லும் சொற்கட்டையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். பழைய இசைத்தட்டுகளைப் பேணிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில், தமிழ்த் தாளம் உள்ள அயல்மொழி ஆல்பங்களுக்கும் ஓர் அடுக்கு வேண்டும். அந்த அடுக்கில் முதலில் வைக்க வேண்டியது 'கலா'. பத்திரிகையாளர்கள் ஓர் ஆல்பத்துக்கு மதிப்புரை எழுதும்போது வரிகளை மேற்கோள் காட்டிய பிறகு, ஒரு பத்தியாவது ஒலியைப் பற்றி எழுத வேண்டும்.

இது வெறும் பழங்கதைக்கான வேண்டுகோள் இல்லை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல்முறை மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் பெற்றது. கானா பாடகர்களும் ராப் பாடகர்களும் ஒரே மேடையில். எலக்ட்ரிக் கிடாரும் டிரம் செட்டும் கட்டமோளத்துக்கும் சட்டிக்கும் பக்கத்தில். அந்தப் பாட்டுகளின் அரசியலைப் பற்றி நிறைய எழுதினோம், எழுத வேண்டியதுதான். ஆனால் சாதியால் தள்ளிவைத்த மேளத்தைக் கிடாருக்குச் சமமான உயரத்தில் மேடையில் நிறுத்தி, ஒலிபெருக்கியிலும் சமமான அளவு வைத்ததே அந்தக் குழுவின் முதல் அரசியல் வாதம். ஒரு வரி பாடுவதற்கு முன்பே அந்த வாதம் முடிந்துவிடுகிறது. வரிகளை மட்டும் படித்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள். 'கலா'வுக்கு நேர்ந்தது இங்கே, நம் கண்ணெதிரே, தமிழ் வரிகள் இருந்தும் பாதியளவுக்கு நேர்ந்தது.

ஆங்கில ஆல்பம் என்று ஒதுக்கினோம், சரி. கீழ்ப்பாக்கத்தில் நடந்ததற்கு என்ன சாக்குச் சொல்வது? அடுத்த ஆல்பம் இந்தச் சாலையின் விடுதி அறை ஒன்றிலிருந்தே வரலாம். போஜ்புரியும் ஒடியாவும் தமிழும் பேசுகிற பிள்ளைகள் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். கையில் உள்ள போனிலேயே பாட்டைப் பதிவு செய்கிறார்கள். அதில் பம்பையும் இருக்கலாம், பீகாரின் டோலும் இருக்கலாம். அது வரும்போது அதில் தமிழ் வரி எத்தனை என்று எண்ண உட்காராமல், எந்த அடி எங்கிருந்து வந்தது, யார் வாசித்தது என்று கேட்டு எழுதுங்கள். அந்த மதிப்புரையை எழுதத் தகுதியானவர்கள் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.